ஐயாயிரம் பேர் போகும் கப்பல்

கட்டுகஸ்தோட்டை
10.01.2025

ஸனாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று வீடியோ கோலில் நான் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று மெசேஜ் போட்டிருந்தீர்கள். அதற்கான பதில் மெசேஜில் அடங்காது. போனில் சொல்லவும் முடியாது. நம்முடைய கோல் என்றைக்கு நம்முடையதாக இருந்தது? உங்கள் உம்மா என்ற உரிமையில் மாமி போனைப் பிடித்திருப்பார், என் தங்கை ஆஸிகா அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பின்னால் நின்று கை காட்டுவார்கள். எல்லோரும் பேசி முடித்து என் கைக்கு வரும்போது சார்ஜ் இறங்கிவிடும். அதனால்தான் கலஹாவில், நான் படிப்பிக்கும் பாடசாலைக் கம்பியூட்டரில், ஓய்வுப் பாடவேளையில் உட்கார்ந்து இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். இங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

போன லீவில் நான் உங்களிடம் ஒரேயொரு விஷயம்தான் கேட்டேன். அடுத்தமுறை நீங்களும் நானும் மட்டும் எங்கேயாவது போவோம் என்று கேட்டேன். கப்பல் பயணம் போவோம் என்று சொன்னது நீங்கள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. நேற்று உங்கள் மூத்தவர் பளீல் நானா கோலில் வந்து அறிவிக்கிறார்: சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல், ஐயாயிரம் பேர் போகலாம், நம் குடும்பத்தில் மட்டும் பதினாலு பேர். நானா, மஸாஹிரா மதினி, அவர்களுடைய பிள்ளைகள், மாமி, மாமியின் தங்கச்சி, இன்னும் யார் யாரோ. நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

இதற்கு லீவு எடுத்து இங்கேயே வரலாமே! ஒவ்வொரு வருஷமும் அதுதானே நடக்கிறது? வந்த நாளிலிருந்து விருந்து, போகும் நாள்வரை விருந்து. கப்பலில் நடந்தால் அது உல்லாசப் பயணமா?

மே மாதம் கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்கு வேலைக் கொந்தராத்து எழுதக் கேட்கிறார்கள், உன் சம்மதம் வேண்டும் என்று சொன்னீர்கள். உங்களுடன் ஏழு நாள் தனியாக இருந்து பார்த்த பிறகுதான் நான் அதற்குப் பதில் சொல்வேன். எனக்கு இனி இப்படி இருக்க முடியாது. நாம் இரண்டு பேரும் புருஷன் பெண்சாதியா, இல்லை ஒரே வீட்டாரின் போனில் வந்து போகும் இரண்டு ஆட்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் என்றால் பிரிந்துவிடுவோம். கோபத்தில் எழுதவில்லை.

பெரிய கப்பல் என்றால் நான் வரவில்லை.

கைரியா


டோஹா
17.01.2025

கைரியாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு கப்பல் டிக்கட்டுக்காகப் பிரிவு வரைக்கும் போய்விட்டாயே, பயமாக இருக்கிறது.

ஆற அமர யோசித்துப் பார். சின்னக் கப்பல் ஆடும். கடுகண்ணாவை வளைவில் பஸ் இரண்டு தரம் திரும்பினாலே பையைத் தேடுகிற ஆள் நீ. பெரியது ஆடவே ஆடாதாம். உள்ளே இருப்பது கப்பல் என்றே தெரியாதாம். டொக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. ஹலால் சமையலுக்குத் தனி அடுப்படி. தொழுவதற்கு ஓர் அறை. ஸனாவுக்கு நீச்சல் தடாகம், சறுக்கு மரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள். காலையில் விட்டால் பின்னேரம் கூட்டிக்கொண்டு வரலாம். சின்னதில் என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் பார்த்தால் தண்ணீர், அந்தப் பக்கம் பார்த்தால் தண்ணீர். மழை பெய்தால் ஒதுங்க இடமில்லை. ஒரு சாப்பாட்டு மேசை. முன்னால் இருக்கும் ஆளைப் பிடிக்காவிட்டாலும் கடைசி நாள்வரை அவருடைய மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு உம்மா. அவருக்கு எழுபது. கடலில் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நான் எப்படி வேண்டாம் என்பது? நானா எல்லோருடைய பெயரையும் பதிந்துவிட்டார். அவர் பிடித்துக் கொடுத்த வேலைதான் இது. அவர் முகத்தில் அடித்த மாதிரிச் செய்ய எனக்கு வராது.

அவ்வளவு பெரிய கப்பலில் நீயும் நானும் தனியாக இருக்க இடமா இல்லை? இருபது மாடி. ஏதாவது ஒரு மாடியில் போய் நிற்போம்.

பிடிவாதம் பிடிக்காதே. போன லீவின் கடைசி நாளும் இப்படித்தான் ஒன்றைத் தொடங்கினாய்.

ஸிபான்


கட்டுகஸ்தோட்டை
23.01.2025

ஸனாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். பிடிவாதக்காரி என்ற பட்டத்தைப் பெற்றுக்கொண்டேன்.

நேற்றுப் பாடசாலை விட்டதும் பேராதனையில் இறங்காமல் நேரே கண்டி டவுனுக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம், மேல்மாடியில், டிக்கட் போடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அம்னா என்று ஒரு பிள்ளை. என்னிடம் படித்தவளுக்கு மூத்தவள், அவளுடைய ராத்தா. உங்கள் நியாயங்களை ஒவ்வொன்றாக அவளிடம் கேட்டேன்.

பெரியது ஆடாது என்பது உண்மை. ஆனால் சித்திரையில் தாய்லாந்துப் பக்கம் கடல் அமைதி, சின்னதும் அவ்வளவு ஆடாது என்கிறாள். கீழ்த்தட்டில், நடுப்பகுதியில் அறை எடுத்தால் இன்னும் குறையுமாம். நீங்கள் வழக்கமாக வரும் ஓகஸ்டில் என்றால் அந்தப் பக்கம் நினைத்தும் பார்க்க முடியாது. இந்தமுறை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வருவதால்தான் வாய்க்கிறது. புக்கெட்டிலிருந்து ஒன்று போகிறது. தொண்ணூறு பேர்தான். பெரிய கப்பல் கிட்டவும் போக முடியாத சின்னத் தீவுகளில் எல்லாம் நிற்கும். பெரியதில் கரைக்கு இறங்கவே வரிசையில் நிற்க வேண்டுமாம், திரும்ப ஏறவும் வரிசை. சின்னதில் சமையல்காரர் புக்கெட் முஸ்லிம். அறைக்குள் தொழ முஸல்லா விரிக்க இடம் இருக்கிறது. டொக்டர் இல்லை, அது மட்டும் குறை. ஸனாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆஸிகா சொல்லிவிட்டாள்.

"டீச்சர், பெரிசு எண்டா நீங்க யாரோட போனீங்க எண்டே மறந்துருவீங்க. சின்னது எண்டா ரெண்டாம் நாளே சமையக்காரர்ட புள்ளைகள்ட பேரும் தெரியும்," என்றாள் அம்னா.

மேசை பற்றி எழுதியிருந்தீர்கள். முன்னால் இருக்கும் ஆளின் மூஞ்சியைக் கடைசி நாள்வரை பார்க்க வேண்டும் என்று. அந்த ஆள் நான்தானே? அதுதானே உங்கள் பயம்?

உங்களுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குள் இருந்தால் யாரும் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார்கள். அந்தக் கடைசி நாளில் நான் என்ன தொடங்கினேன் என்று தெரியாத மாதிரி எழுதுகிறீர்கள். நம் மகனைப் பற்றித் தொடங்கினேன். ஏழு மாதம் வயிற்றில் இருந்து, உயிரில்லாமல் பிறந்த நம் மகனைப் பற்றி. நீங்கள் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் உம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அங்கிருந்தே ஏர்போர்ட்டுக்கும் போனீர்கள்.

அவனை அடக்கிய மூன்றாம் நாள், என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து உள்ளறையில் படுக்க வைத்திருந்தார்கள். ஹோலில் உங்கள் கோல். ஸ்பீக்கரில் உங்கள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. என்ன பேசினீர்கள் தெரியுமா? "தண்ணி மோட்டர் இப்ப வேல செய்யுதா?" என்றீர்கள். பிறகு எதற்கோ சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்போடு இரண்டு வருஷம் இருந்துவிட்டேன். ஏன் சிரித்தீர்கள் என்று ஐயாயிரம் பேருக்கு நடுவில் என்னால் கேட்க முடியாது. சின்னக் கப்பலில் கேட்பேன்.

கைரியா


டோஹா
02.02.2025

கைரியா,

பத்து நாளாகப் பதில் எழுதவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எழுதினேன், அழித்தேன். ஆறு பேர் இருக்கும் அறையில் கட்டிலுக்கு மேலே போர்வையைக் கட்டி மறைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நடுத்தரக் கப்பல் ஒன்று இருக்கிறது. எழுநூறு பேர். நானாவிடமும் காட்டினேன். உம்மாவையும் கூட்டிப் போகலாம், உனக்கும் இடம் அமைதியாக இருக்கும். இதற்கு ஒத்துக்கொள். இருவருக்கும் தோல்வி இல்லை.

நீ சொன்னது சரி. சின்னக் கப்பல் எனக்குப் பயம்தான். ஓர் அறை, ஒரு ஜன்னல், நீ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் என்ன சொல்வது? வேலை செய்யும் ஹோட்டலில் ஏசி உடைந்தால் எந்த இடத்தில் கையை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் எங்கே தொடங்குவது என்று தெரியாது. வருஷத்தில் ஒரு மாதம் வருகிற ஆளுக்கு வீட்டில் எது எங்கே இருக்கிறதென்றே தெரியாது, சீனிப் போத்தலைக் கூட ஸனாதான் எடுத்துத் தருகிறாள். அப்படி இருக்கும்போது அந்தப் பிள்ளையின் கதையை நான் எந்த உரிமையில் பேசுவது?

உனக்கு மட்டும்தான் கோபம் என்று நினைக்காதே. எனக்கும் ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளையின் விஷயத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ செய்த காரியம். அதை எழுத மாட்டேன். எழுதினால் நீ அழுவாய், நீ அழுவதைப் பார்க்க நான் அங்கே இல்லை.

மோட்டரைப் பற்றி நான் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை. இருந்தாலும் அதையா இரண்டு வருஷம் வைத்துக்கொண்டிருந்தாய்?

எழுநூறு பேர் கப்பலுக்கு ஓம் சொல்.

ஸிபான்


கட்டுகஸ்தோட்டை
06.02.2025

ஸனாவின் வாப்பாவுக்கு,

உங்கள் நடுத்தரக் கப்பல் வேண்டாம். நடுத்தரமாக ஒளிந்துகொள்வீர்கள், அவ்வளவுதான். பெரியதும் வேண்டாம், சின்னதும் வேண்டாம். நானாவோடும் மாமியோடும் சந்தோஷமாகப் போய்வாருங்கள். கொந்தராத்தில் கையெழுத்தும் வையுங்கள். பெருநாள் முடியட்டும், பிரிவு கேட்டு நான் காதியாரிடம் போகிறேன். இனி இதில் என் சம்மதம் தேவையில்லை.

ஞாபகமே இல்லை என்று எழுதிவிட்டீர்கள். எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்!

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இவ்வளவு நாளும் உங்களை விட்டுப் போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் அதுதான். அன்று ஆஸ்பத்திரியில் நான் மயக்கம் தெளிந்து கிடந்தபோது மாமி வந்து என் தலையைத் தடவினார். "ஸிபானுக்கு செல்லிட்டோம் புள்ள. அவன் அழுதான். புள்ளைக்கு அர்கம் எண்டு பேர் வெக்கச் செல்லி செல்றான்," என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு தூரத்தில் நின்றும் இவருக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கிறதே, இவர் மனதில் அவன் இருந்திருக்கிறானே என்று நினைத்தேன். ஐந்து வேளையும் தொழுதுவிட்டு அர்கமுக்காக துஆ கேட்கும்போதெல்லாம் உங்களையும் நினைப்பேன். நீங்கள் கொடுத்த பெயர் என்று.

பெயர் வைத்த மனிதர் மூன்றாம் நாள் எப்படி மோட்டரைப் பற்றிப் பேசிச் சிரித்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை ஒருநாளாவது உங்கள் வாயால் என்னிடம் சொன்னீர்களா? வைத்துவிட்டு மறந்துபோனீர்களா?

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

கைரியா


டோஹா
07.02.2025

கைரியா,

பதில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். எழுதாமல் இருக்க முடியாது. அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அர்கம் என்ற பெயரை நான் வைக்கவில்லை.

அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், மோட்டரைப் பற்றிக் கேட்ட அன்று எனக்கு எதுவும் தெரியாது. வழமை போல் வியாழக்கிழமைக் கோல். நீ எங்கே என்று கேட்டேன். உம்மா, "அலுப்பாம், படுத்து ஈக்கிறா" என்றார். வயிற்றுப் பிள்ளையோடு அலுப்பு இருக்கும்தானே என்று நினைத்தேன். பிறகு வீட்டுக் கதை பேசினேன். சிரித்திருப்பேன். ஏன் சிரிக்க மாட்டேன்? எனக்கு ஒரு மகன் வரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ஜும்ஆ முடிந்துதான் நானா கம்பெனி வேனில் என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். வேனை நிறுத்திவிட்டுச் சொன்னார். "செவ்வாக்கிழமையே எல்லாம் முடிஞ்சிட்டுதுடா. அடக்கியும் ஆச்சு. ஒனக்கு ஒடனே செல்ல வாணாம் எண்டு உம்மாதான் சென்னா. நீ போயும் ஒண்டும் செய்ய ஏலாதே," என்றார். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தியை ஆறவிட்டுத்தானே சொல்வார்கள் நம் ஆட்கள்? வாப்பா மௌத்தான போதும் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். முதலில் சுகமில்லை என்றார்கள், பிறகு கடுமை என்றார்கள், நான் ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகுதான் உண்மையைச் சொன்னார்கள்.

பெயர் வைத்தார்களா என்று நானாவிடம் கேட்டேன். "கைரியா அர்கம் எண்டு வெச்சிட்டாளாம்," என்றார்.

போன கடிதத்தில் எழுத மாட்டேன் என்று சொன்னேனே, அந்தக் கோபம் இதுதான். என் மகனுக்குப் பெயர் வைக்கும்போது என்னிடம் கேட்க உனக்குத் தோன்றவில்லையே என்ற கோபம். உடனே ஒரு கோல் எடுத்திருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு உன் நிலைமையை நினைத்து அடக்கிக்கொண்டேன். நீ வைத்த பெயர் என்று அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டேன். உன்னிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். போன லீவில் நீ பேச்சை எடுத்ததும், இப்போது அந்தப் பெயரைச் சொல்லப்போகிறாய், நான் அழுதுவிடுவேன் என்று பயந்துதான் எழுந்து ஓடினேன்.

காலையில் நானாவின் அறைக்குப் போய் நம் மூன்று பேரின் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். "பொம்புளப் பேச்சக் கேட்டு உம்மாட மனச ஒடைக்கிறாயா?" என்று சத்தம் போட்டார். சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் பேச்சைத் தட்டிவிட்டு வந்தேன். லீவுக்கும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீயும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அப்படியென்றால் நம் மகனுக்கு யார் பெயர் வைத்தது? காதியாரிடம் போவதற்கு முன்னால் இதை மட்டும் கேட்டு எழுது.

ஸிபான்


கட்டுகஸ்தோட்டை
15.02.2025

ஸிபானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாடசாலையில் வாசித்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன், என்ன படிப்பித்தேன் என்று தெரியாது. பஸ்ஸில் பேராதனை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

அன்று மாமியிடம் போகவில்லை. போயிருந்தால் சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பேன். நாலு நாள் கழித்துப் போனேன். அதற்குள் நானா அவருக்குக் கோல் எடுத்து எல்லாம் சொல்லியிருந்தார். மாமி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாம் மூன்று பேரும் கப்பலுக்கு வரவில்லை என்ற கோபம். நான் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

"மாமி, அர்கம் எண்டு பேர் வெச்சது யாரு?"

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். "நான்தான் வெச்சன் புள்ள. அடக்கப் பள்ளிவாசலிலிருந்து ஆக்கள் வந்து பேர் கேக்கிறாங்க. நீ மயங்கிக் கிடக்கிறாய். அவனுக்கு செல்லவும் இல்ல. நான் என்ன செய்ய? ரெண்டு பேரும் தனித்தனியாக் கெடந்து அழப்போறீங்க, ஒராளுக்கு ஒராள் பக்கத்துல ஈக்கிற மாதிரி ஈக்கட்டும் எண்டுதான் அவன் வெச்சதெண்டு ஒனக்கும், நீ வெச்சதெண்டு அங்கயும் சென்னன். நீங்க ரெண்டு பேரும் இத்தன நாளா அதக் கதைக்கவே இல்ல எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கடைசிக் கேள்வியை உங்களுக்கும் எழுதி வைக்கிறேன். அவர் மேல் கோபம் இருக்கிறது, போகவில்லை, எப்போது போகும் என்றும் தெரியாது. என் மகனைப் பற்றி என்னிடமே பொய் சொன்னவர். ஆனால் அழும்போது அவரைத் தனியே விட்டு வரவும் முடியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பெயரை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். மனம் வரவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனுக்காகக் கேட்டிருக்கிறேன். நீங்களும் அப்படித்தான். நீங்கள் வைத்த பெயர் என்று நான் அதை வைத்துக்கொண்டேன், நான் வைத்த பெயர் என்று நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். மாமி ஒருநாள்தான் அதைச் சொன்னார், தூக்கி வளர்த்தது நாம்தான்.

நேற்று அம்னாவிடம் போய் அந்தத் தொண்ணூறு பேர் கப்பலில் கீழ்த்தட்டில், நடுவில், ஓர் அறை பதியச் சொன்னேன். ஏப்ரல் பன்னிரண்டு. உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன், ஏசுங்கள். தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி ஸனா கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிறாள், அவளை ஆஸிகா சமாளிப்பாள். நான் வாந்தி எடுப்பேன் என்பது நிச்சயம். நீங்கள் பையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அதற்கு எந்த உரிமையும் தேவையில்லை.

காதியாரிடம் இப்போது போகவில்லை. கொந்தராத்துக்கு ஓம் என்றும் சொல்லவில்லை. பயணம் முடியும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். இவ்வளவு எழுதிய பிறகு எனக்கும் பயமாக இருக்கிறது. அந்த அறையில் நீங்கள் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

எழுதுவதை இத்தோடு நிறுத்துவோம். கோலிலும் இதைப் பேச வேண்டாம். கப்பல் புறப்பட்டதும் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு தடவை நம் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இதுவரைக்கும் நான் அதை உங்கள் குரலில் கேட்டதேயில்லை.

கைரியா